தெருவோரம் கிடக்கும் காரைச் சட்டப்படி சொந்தமாக்கிக்கொள்வது எப்படி?

புங்கை மரத்தடியில் நான்கு சக்கரங்களும் காற்றிறங்கி, மேலே போர்த்திய உறை வெயிலில் நைந்து நார்நாராகத் தொங்க, முன்கண்ணாடியில் படிந்த தூசியில் பிள்ளைகள் விரலால் பெயரெழுதி வைத்திருக்கும் ஒரு கார் இல்லாத தெருவைச் சென்னையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மதுரையிலும் கோவையிலும் நிலைமை வேறல்ல. பழைய வண்டிகள் மீது பிரியம் உள்ளவர்களுக்கு அதைக் கடந்து போகும்போதெல்லாம் மனம் கேட்காது. இப்படி மண்ணோடு மண்ணாகப் போவதற்கு நாமாவது எடுத்துச் சீர்செய்து ஓட்டலாமே என்று தோன்றும். அந்த எண்ணத்தில் தவறே இல்லை. ஆனால் அந்தக் கார் உண்மையிலேயே உங்களுடையதாக வேண்டுமானால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் அதற்கு நேராக இருக்கும் பெயர் உங்கள் பெயராக மாற வேண்டும். சாவி கையில் இருப்பதோ, பணம் கொடுத்ததற்கு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய ரசீதோ, பத்து வருடமாக யாரும் வந்து கேட்கவில்லை என்பதோ அதற்கு ஈடாகாது. பெயரை மாற்றும் வழிகளைத்தான் இங்கே விளக்குகிறேன். பெயர் மாறாத வழியில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வண்டியைத் தொடாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

கேட்பாரற்ற கார் என்று ஒன்று கிடையாது

கீழே கிடந்த பேனாவை எடுத்தவர் அதன் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போகலாம். காருக்கு அப்படிச் சொல்ல இயலாது. நம்பர் பலகை கழன்று போயிருந்தாலும், சேசிஸ் எண் (வண்டியின் அடிச்சட்டத்துக்கான எண்) இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்ஜினில் தனியாக ஓர் எண் இருக்கிறது. இரண்டும் பதிவேட்டில் ஒரு மனிதரின் பெயருடன் கட்டப்பட்டிருக்கின்றன. இதனால்தான் "யாரும் உரிமை கோரவில்லை, எடுத்துக்கொண்டேன்" என்ற விளக்கம் நிற்காது. பிறருடைய பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் (முன்பு இந்தியத் தண்டனைச் சட்டம்) 314-ஆம் பிரிவின்படி குற்றம். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. கண்டெடுத்த பொருளின் சொந்தக்காரரை அறிய வழி இருந்தும் தேடாமல் வைத்துக்கொள்பவரும் இந்தப் பிரிவுக்குள் வருகிறார் என்று சட்டமே விளக்கம் தருகிறது. அந்த வண்டி எங்கோ திருடப்பட்டு இங்கே விட்டுச் செல்லப்பட்டதாக இருந்துவிட்டால், அதை அறிந்தோ, அறிய நியாயமான காரணம் இருந்தும் கண்டுகொள்ளாமலோ வாங்கியவர் மீது 317-ஆம் பிரிவும் பாயும்.

அப்படியானால் தெருவில் விட்ட காரை அரசு என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 127-ஆம் பிரிவு, பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கைவிடப்பட்டு அல்லது கவனிப்பாரின்றி நிற்கும் வாகனத்தை அப்புறப்படுத்தச் சீருடையில் உள்ள காவல் அதிகாரிக்கு அதிகாரம் அளிக்கிறது. இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளரைச் சேரும். பத்து மணி நேரம் என்று சட்டத்தில் இருந்தாலும், நடைமுறையில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத காரை எவரும் மாதக்கணக்கில் கண்டுகொள்வதில்லை. யாராவது புகார் கொடுத்த பிறகே வேலை நடக்கிறது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 1913 என்ற எண்ணில் சொல்லலாம். மற்ற ஊர்களில் நகராட்சியிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுக்கலாம். கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டுவார்கள். கெடு முடிந்தும் எவரும் எடுக்காவிட்டால் வண்டி ஒதுக்கப்பட்ட வளாகத்துக்கு இழுத்துச் செல்லப்படும்.

அதன் பிறகு நடப்பது மெதுவான சட்ட நடைமுறை. சந்தேகத்துக்குரிய நிலையில் கிடந்த வாகனத்தைக் காவல்துறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி கைப்பற்றலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 102-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன்பு கைப்பற்றிய வண்டிகளின் தாள்களில் அந்தப் பழைய எண்தான் இருக்கும். பார்த்துக் குழம்ப வேண்டாம். கைப்பற்றிய விவரம் நீதித்துறை நடுவருக்குப் போகும். உரிமையாளர் யாரென்று தெரிந்தால் அவரிடம் ஒப்படைக்க உத்தரவாகும். தெரியாவிட்டால், உரிமை உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள் வந்து கோரலாம் என்று புதிய சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவின்படி அறிவிப்பு வெளியாகும். ஆறு மாதத்திலும் எவரும் வந்து உரிமையை நிலைநாட்டாவிட்டால் 504-ஆம் பிரிவின்படி வாகனம் மாநில அரசின் பொறுப்புக்கு வந்து ஏலம் விடப்படும்.

சொல்லும்போது சுருக்கமாக இருக்கும் இந்தப் பாதையில்தான் எத்தனையோ நல்ல வண்டிகள் வீணாகின்றன. காவல் நிலையங்களின் சுற்றுச்சுவரோரம் கொடி படர்ந்து, கதவு வழியே எருக்கஞ்செடி முளைத்து நிற்கும் கார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. கைப்பற்றிய வாகனங்களைக் காவல் நிலையத்தில் நெடுங்காலம் வைத்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை, புகைப்படமும் உத்தரவாதமும் பெற்றுக்கொண்டு விரைவில் விடுவிக்க வேண்டும், எவரும் கோராவிட்டால் ஏலம் விடலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சுவரோரக் காட்சி பெரிதாக மாறவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். ஆகையால் ஒரு காரைக் காப்பாற்ற விரும்பினால், அது அந்த வளாகத்துக்குள் போவதற்கு முன்பே உரிமையாளரைத் தேடிப் போவதுதான் சிறந்தது.

முதல் வழி: பெயருக்கு உரியவரைத் தேடுவது

நம்பரைக் குறித்துக்கொண்டு மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ பாருங்கள். உரிமையாளரின் பெயரில் சில எழுத்துகள் மட்டும் தெரியும், முகவரி தெரியாது. ஆனால் பதிவான தேதி, பதிவு எதுவரை செல்லும், காப்பீடு என்று முடிந்தது, கடன் பதிவு இருக்கிறதா, எந்த வட்டார அலுவலகம் என்பவை கிடைக்கும். இந்த விவரங்களுக்குப் பிறகு கணினியை மூடிவிட்டுத் தெருவில் இறங்குவதே பலன் தரும். நீண்ட காலமாக நிற்கும் கார் பெரும்பாலும் அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ குடியிருந்தவருடையதாகத்தான் இருக்கும். காவலாளி, பால்காரர், மளிகைக் கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோருக்குத் தெரியாத வண்டி கிடையாது.

2022-இல் எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் இது தெளிவாக விளங்கும். வெள்ளை நிற மாருதி 800 ஒன்று, 2008-இல் பதிவானது, ஏறத்தாழ ஆறு வருடமாக அசையாமல் நின்றது. இணையத்தில் பார்த்ததில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே கிடைத்தன. இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டபோது அவர் பெட்டியைக் கீழே வைக்காமலேயே, "அது மூணாம் நம்பர் வீட்டு சார் வண்டிங்க. சார் தவறிட்டாரு. பொண்ணு கோயமுத்தூர்ல இருக்குது, வீட்டு வாடகையை வாங்க ஆள் வருவாரு, அவருகிட்ட கேளுங்க" என்றார். வாடகை வசூலிப்பவரிடம் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து அந்தப் பெண்மணியே அழைத்தார். விற்கும் எண்ணம் இல்லை என்றார். நான் வற்புறுத்தவில்லை, வண்டியின் அடித்தகடு துருப்பிடித்து வருகிறது, மழைக்கு முன் எதையாவது செய்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். மறு வாரம் திரும்ப அழைத்து, "அந்த வண்டியிலதான் சார் அப்பா எங்களைப் பள்ளிக்கூடத்துல விடுவாரு. காயலான் கடைக்குப் போகாதுன்னா எடுத்துக்கோங்க" என்றார்.

கைவிடப்பட்ட கார்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் இப்படி ஒரு மரணமோ, இடமாற்றமோ, பாகப்பிரிவினைச் சண்டையோ இருக்கிறது என்பது என் அனுபவம். அலட்சியத்தால் விடப்பட்டவை குறைவு. எனவே முதல் பேச்சிலேயே விலை பேசாதீர்கள். "சும்மா கிடக்கும் வண்டிதானே" என்ற சொல்லையும் தவிருங்கள். உரிமையாளர் உயிருடன் இருந்து தயங்கினால், அவருக்குச் சொல்லக்கூடிய உண்மையான காரணம் ஒன்று உண்டு. வண்டி யார் கையில் இருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவரைச் சேரும் என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டால் விற்றவருக்கும் நிம்மதி இல்லை. முறையாகப் பெயர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் வாங்குபவரை அவர் நம்புவதற்கு இதுவே காரணமாகிறது.

பணம் கைமாறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, கடன். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், வங்கியின் பெயரோ நிதி நிறுவனத்தின் பெயரோ இருந்தால், கடன் முடிந்ததற்கான ஆட்சேபமின்மைச் சான்றும் படிவம் 35-உம் அந்த நிறுவனத்திடம் பெறாமல் பெயர் மாறாது. கடன் என்றோ அடைபட்டிருக்கும், ஆனால் எச்.பி. கேன்சல் (பதிவேட்டில் உள்ள கடன் பதிவை நீக்குவது) செய்யாமலே விட்டிருப்பார்கள். இதற்கிடையில் அந்த நிதி நிறுவனம் இன்னொன்றுடன் இணைந்தோ மூடப்பட்டோ போயிருந்தால் தாள் வாங்கவே சில மாதம் ஆகும். இந்த வேலையை விற்பவர் முடித்துத் தந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

இரண்டாவது, நிலுவையில் உள்ள அபராதச் செலான்களும் தடைப்பட்டியலும். இரண்டையும் இணையத்திலேயே பார்க்கலாம். மூன்றாவது, திருட்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் திருடப்பட்ட வாகனங்களின் தரவுத்தளம் வைத்திருக்கிறது. பதிவு எண், சேசிஸ் எண், இன்ஜின் எண் ஆகியவற்றைக் கொடுத்து அந்த வாகனம் பட்டியலில் இல்லை என்பதற்கான சான்றைப் பொதுமக்களே இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிட வேலை இது. யாரும் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள்.

நான்காவது, நேரில் எண்களைச் சரிபார்ப்பது. இதை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் மாருதியின் பானட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தபோது பொறித்த எண்கள் மெல்ல மேலெழுந்தன. மெல்லிய வெள்ளைத்தாளை அதன் மேல் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்துகள் கருப்புப் பின்னணியில் வெள்ளையாகப் பதியும், இதைத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சில் பிரின்ட் என்கிறார்கள், பெயர் மாற்றப் படிவத்தில் இதை ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை ஆர்.சி. புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓரெழுத்தாகப் படித்துக்கொண்டு வந்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் தகட்டில் 3 இருந்தது. புத்தகத்தில் 8 என்று இருந்தது. எப்போதோ ஓர் அலுவலகத்தில் எவரோ கண் தவறி எழுதியது. அன்று அதைக் கவனிக்காமல் விண்ணப்பித்திருந்தால் சேசிஸ் எண் பொருந்தாத வண்டி என்று திருப்பியிருப்பார்கள். சந்தேகக் கண்ணோடும் பார்த்திருப்பார்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்த்துச் சான்றளித்த பிறகு பதிவேட்டில் திருத்தினார்கள். அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனது.

ஐந்தாவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பீடு கொடுத்துவிட்ட காராக இருந்தால் எஞ்சிய இரும்பின் மீது யாருக்கு உரிமை என்பதை எழுத்தில் பார்க்காமல் வாங்கக் கூடாது. இருக்கைக்கு அடியில் உள்ள கம்பள விரிப்பின் கீழே படிந்த வண்டல் மண்ணும், சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் தண்ணீர்க் கறையும் உண்மையைச் சொல்லிவிடும்.

பெயர் மாற்றம்

உரிமையாளர் நேரடியாக விற்றால் வேண்டியவை படிவம் 29-உம் 30-உம். ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்.சி. தொலைந்திருந்தால், காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையுடன் படிவம் 26-இல் நகல் கோரி, அதை உரிமையாளர் பெயரிலேயே முதலில் பெற வேண்டும். வேறு மாநிலப் பதிவு என்றால் அங்கிருந்து படிவம் 28 வழியாக ஆட்சேபமின்மைச் சான்று வர வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிமாநில நம்பர் வண்டியை இழுத்து வருபவர்கள் பெரும்பாலும் கணக்கில் விட்டுவிடுவது இந்த வரியைத்தான்.

உரிமையாளர் இறந்திருந்தால் வண்டி முதலில் வாரிசின் பெயருக்கு வர வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபமின்மை உறுதிமொழி ஆகியவை தேவை. இறந்தவரின் கையொப்பத்தைப் போலவே போட்டுப் படிவம் 29-ஐத் தாக்கல் செய்துவிடலாம், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் தரகர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது போலி ஆவணம் தயாரிக்கும் குற்றம். பின்னாளில் குடும்பத்தில் ஒருவர் கேள்வி கேட்டாலே வண்டியும் போகும், வழக்கும் வரும். எங்கள் விஷயத்தில் அந்தப் பெண்மணியின் அண்ணன் வெளிநாட்டில் இருந்தார். அவருடைய உறுதிமொழித் தாள் அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று வருவதற்கு இரண்டு மாதம் காத்திருந்தோம். காத்திருந்த ஒவ்வொரு நாளும் வண்டி அதே மரத்தடியில்தான் நின்றது. பெயர் மாறும் வரை நான் அதை நகர்த்தவில்லை.

இனி பணக் கணக்கு. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காரைப் புதுப்பிக்க மத்திய விதிகளின்படி கட்டணம் 5,000 ரூபாய். தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் கூடுதலாக 500 ரூபாய். 2022 ஜூனில் பதிவு முடிந்த ஒரு காரை 2025 ஜூனில் புதுப்பிக்கப் போனால் 36 மாதத்துக்கு 18,000 ரூபாய் தாமதக் கட்டணமே ஆகிறது. 20 ஆண்டு கடந்த வண்டிக்கு அடிப்படைக் கட்டணமும் அதிகம். மாநிலத்தின் பசுமை வரி தனி. இருபதாயிரத்துக்குப் பேசி முடித்த காரின் தாள் செலவு அதற்கு மேலேயே போகக்கூடும் என்பதால், விலை பேசுமுன் பதிவு முடியும் தேதியைப் பாருங்கள். தாமதக் கட்டணத்தை விலையில் கழிக்கச் சொல்வது நியாயமான கோரிக்கைதான்.

இரண்டாம் வழி: அரசு ஏலம்

உரிமை கோரப்படாத வாகனங்களுக்கும், மதுவிலக்கு வழக்குகளில் பறிமுதலான வாகனங்களுக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகமும் மாநகரக் காவல் ஆணையரகமும் அவ்வப்போது ஏலம் நடத்துகின்றன. அறிவிப்பு நாளிதழ்களில் வரும். அரசுத் துறைகளின் கழித்த வாகனங்கள் எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் மின் ஏலத்திலும் வருகின்றன. பறிமுதலான வண்டிக்கும் உரிமை கோரப்படாத வண்டிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பறிமுதல் என்றால், உரியவருக்கு வாய்ப்பளித்து, உரிமையை அரசுக்கு மாற்றி உத்தரவு போட்டாகிவிட்டது. அந்த உத்தரவு தெளிவாக இருக்கும். உரிமை கோரப்படாத வண்டியில் நம்பரே போலியாக இருக்கலாம்.

ஏலத்துக்கு முன் ஓரிரு நாள் வண்டிகளைப் பார்வையிட அனுமதிப்பார்கள். அந்த நாளைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் விற்பனை "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில்தான். எடுத்த பிறகு இன்ஜின் இல்லை என்று சொல்ல முடியாது. முன்பணம் கட்டி, அடையாள அட்டை காட்டி டோக்கன் பெற்றவர்களே ஏலம் கேட்க முடியும். கேட்ட தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. சேரும் என்பதை மனதில் வைத்துக் கேளுங்கள். புதுப்பேட்டையைப் போன்ற இடங்களிலிருந்து வரும் வியாபாரிகள் இரும்பு எடைக் கணக்கில் கேட்பார்கள். அவர்களுக்கு மேலாகக் கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும். அங்கே நின்றுகொண்டு முடிவெடுத்தால் கை தானாக உயர்ந்துவிடும்.

ஏல நிபந்தனைகளில் தேடிப் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: வண்டி ஓட்டத்துக்கு விற்கப்படுகிறதா, கழிவு இரும்பாக மட்டும் விற்கப்படுகிறதா? கழிவு என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதிவு கிடைக்காது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது என்பதால், பழைய அரசு ஜீப்பையோ அம்பாசடரையோ ஏலத்தில் எடுத்து ஓட்டலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

ஓட்டத்துக்கு என்று எடுத்தால், ஏலம் நடத்திய அதிகாரி கையொப்பமிட்ட விற்பனை உறுதி ஆணையையும், ஏலம் விட அனுமதித்த அரசு உத்தரவின் சான்றிட்ட நகலையும் கேட்டுப் பெறாமல் வளாகத்தை விட்டு வெளியே வராதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 57-ஆம் விதிப்படி, வண்டி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படிவம் 32-இல் விண்ணப்பிக்க இவை இரண்டும் வேண்டும். நம்பரே இல்லாத வண்டி, அல்லது இருந்த நம்பர் போலி என்று தெரிந்த வண்டி என்றால், ஏலம் விட்ட துறையின் பெயரில் முதலில் புதிய எண் வழங்கி, பிறகு உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கு அதே விதியில் வழி இருக்கிறது. இது தெரியாமல் பலர் நல்ல வண்டிகளை விட்டுவிடுகிறார்கள். சில அலுவலகங்களிலும் விதியை எடுத்துக் காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

தனியார் இடத்தில் கிடக்கும் வண்டி

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் கிடக்கும் கார் மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுக்குள் எளிதில் வராது, ஏனெனில் அது பொது இடத்தைப் பற்றியது. குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு விற்றுவிட முடியாது. பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகுவதுதான் வழி. மெக்கானிக் ஷெட்டில் கூலி கொடுக்காமல் விட்டுப் போன காரும் இப்படித்தான். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, செய்த வேலைக்குக் கூலி வரும் வரை வண்டியைத் தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளும் உரிமையை மெக்கானிக்குக் கொடுக்கிறது. விற்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. "பார்ட்டி வரவே மாட்டார், அண்ணே, பாக்கியைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் மெக்கானிக் நல்ல மனிதராகவே இருக்கலாம். அவரிடம் உரிமையாளரின் தொலைபேசி எண்ணை வாங்குங்கள், வண்டியை வாங்காதீர்கள்.

பாகங்களுக்காக மட்டும் ஒரு காரை வாங்குவதிலும் அதே பெயர் விவகாரம் இருக்கிறது. வண்டியை வெட்டிய பிறகும் பதிவேட்டில் அதன் நம்பர் உயிரோடு இருந்தால், அந்த நம்பரும் ஆர்.சி.யும் ஒரு திருட்டு வண்டியின் மேல் ஏறிவிடும். இதைத் தடுக்கத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறார்கள். 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற வாகன அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்று கிடைக்கும். திருட்டுப் பட்டியலுடன் சரிபார்த்த பிறகே அங்கே வண்டியை வெட்டுவார்கள். ஓடவே ஓடாது என்று ஆகிவிட்ட காரின் சொந்தக்காரருக்கு நான் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

வண்டி உங்களுடையதான பிறகு

பெயர் மாறியதும் ஓட்டிக்கொண்டு வர ஆசையாக இருக்கும். காப்பீடு முடிந்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. ரெக்கவரி வண்டியில் ஏற்றியே ஷெட்டுக்குக் கொண்டு போங்கள். ஆண்டுக்கணக்கில் நின்ற இன்ஜினைப் புது பேட்டரி போட்டு உடனே சாவி திருப்புவதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தவறு. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் ஸ்பேனரால் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் பிஸ்டன் பிடிக்கவில்லை. பழைய பெட்ரோலை முழுவதும் இறக்கி, டேங்க்கைக் கழுவி, ஆயிலையும் கூலன்ட்டையும் மாற்றி, எலி கடித்த வயர்களைப் பார்த்து, டைமிங் பெல்ட்டையும் பிரேக் ரப்பர்களையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். டயர் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அவற்றை நம்ப வேண்டாம். மாருதி 800-இன் பாகங்களுக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் இன்றும் பஞ்சமில்லை.

புதிய ஆர்.சி. கைக்கு வந்ததும் அதை மேசை அறையில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். பெயரும் முகவரியும் சரியா, கடன் பதிவுக் கட்டம் காலியாக இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு, பழைய பென்சில் பிரின்ட் தாளை எடுத்து சேசிஸ் எண்ணை மறுபடி ஓரெழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் அட்டையில் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் 3 சரியாக இருந்தது. ஆனால் இன்ஜின் எண்ணில் ஒரு சுழியம் விடுபட்டிருந்தது. அன்றைக்கே திருத்த விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, திருத்திய அட்டையைப் பெற்றேன்.